கடலோர ஓட்டக்காரர் குளிரூருக்குப் போகும்போது: உணவு, தண்ணீர், உடை

தொண்டி முதல் சாயல்குடி வரை நீளும் இராமநாதபுரம் கடற்கரையில் நெடுந்தூர ஓட்டம் பழகுகிறவரைத் தேடிக்கொண்டு குளிர் வருவதில்லை. மார்கழி, தை மாதங்களின் அதிகாலையிலும் கடலை ஒட்டிய ஊர்களில் வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்குவது மிக அரிது. ஆனால் அதே ஓட்டக்காரர் ஒரு பந்தயத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு மதுரை வழியாகக் கொடைக்கானலுக்கோ உதகைக்கோ, இன்னும் துணிந்தவராயின் லடாக்கிலுள்ள லே நகருக்கோ போகும்போது, உடல் அதுவரை அறிந்திராத ஒரு நிலையை ஒரே இரவில் எதிர்கொள்ள நேர்கிறது. கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலும், உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. சனவரி இரவுகளில் உதகையின் புல்வெளிகளில் உறைபனி படிவதுண்டு. அத்தகைய ஊர்களில் ஓடப் போகிறவர் எதை, எவ்வளவு, எப்போது உண்ண வேண்டும், என்ன உடுத்த வேண்டும், அதற்கான பழக்கத்தை இங்கிருந்தபடியே எப்படிப் பெறலாம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

குளிர் என்றதும் பலரும் முதலில் உடையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். என் கருத்தில் அது இரண்டாவது கேள்வி. கடலோர ஓட்டக்காரர் வழக்கமாகச் சர்க்கரையைத் தண்ணீரோடு சேர்த்தே உட்கொள்கிறார்: எலுமிச்சைச் சாறும் சீனியும் உப்பும் கலந்த நீர், குளுக்கோஸ் மாவு கரைத்த நீர், இளநீர் என்று எல்லாமே குடிக்கும் வடிவில்தான் இருக்கின்றன. வியர்வை கொட்டுகிறது, தாகம் எடுக்கிறது, குடிக்கிறார், அதோடு சர்க்கரையும் உள்ளே போய்விடுகிறது. குளிரூரில் தாகம் எடுப்பதில்லை என்பதால் அவர் குடிப்பதில்லை. குடிக்காததால் சர்க்கரையும் போவதில்லை. தண்ணீர் குறைந்ததை அவர் கவனிக்கலாம், சர்க்கரை குறைந்ததைக் கவனிக்கமாட்டார். 25 கிலோமீட்டர் வரை எல்லாம் நன்றாகவே நடக்கும், காற்று குளிர்ச்சியாக இருப்பதால் வழக்கத்தைவிட வேகமாகவும் ஓடியிருப்பார், பிறகு கால்கள் திடீரென நின்றுபோகும். ஆகவே குளிரூர் ஓட்டத்துக்கான முதல் ஏற்பாடு, உணவையும் தண்ணீரையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக்கொள்வதுதான்.

உடலின் இருப்பும் செலவும்

ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்கு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ 1 கிலோகலோரி செலவாகிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் 42.195 கிலோமீட்டர் மாரத்தானை ஓடி முடிக்கச் சுமார் 2,500 கிலோகலோரி வேண்டும். தசைகளிலும் கல்லீரலிலும் கிளைகோஜனாகச் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்தோ, நன்றாக உண்டு ஓய்வெடுத்தவருக்கும் 1,600 முதல் 2,000 கிலோகலோரி அளவுக்குத்தான் இருக்கும். கொழுப்பும் எரிகிறது என்றாலும் அது மெதுவாக எரிவதால், பந்தய வேகத்துக்கு அதை மட்டும் நம்ப முடியாது. மாரத்தான் ஓடுகிறவர்கள் 30 கிலோமீட்டரைத் தாண்டியதும் தடுமாறுவதற்கு முதன்மையான காரணம் இந்தப் பற்றாக்குறையே.

குளிரில் இதனோடு இன்னொரு சிக்கலும் சேர்கிறது. ஓடும்போது உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு வெப்பமாகத்தான் வெளிப்படுகிறது. நம் மண்டபம் ஊர்க் கடற்கரையில் ஓடும்போது அந்த வெப்பம் ஒரு தொல்லை. கொடைக்கானலில் அதுவே காப்பு. சர்க்கரை தீர்ந்து, ஓட்டம் நடையாக மாறும்போது, விறகு தீர்ந்த அடுப்பைப் போல உடலின் வெப்ப உற்பத்தி சட்டென்று தணிந்துவிடுகிறது. வியர்வையில் நனைந்த உடையோடு, காற்று வீசும் மலைச்சாலையில், அந்த நிலையில் ஒருவர் இன்னும் ஒரு மணி நேரம் நடக்க வேண்டியிருக்கலாம். உடல் நடுங்கத் தொடங்கினால் அந்த நடுக்கமும் மிச்சமிருக்கும் மாவுச்சத்தையே எரிக்கும். எனவே குளிரில் உண்பது வேகத்துக்காக மட்டும் அன்று, வெப்பத்துக்காகவும்தான்.

இதன் கடுமையை உலகம் 2021 மே 22 அன்று கண்டது. சீனாவின் கான்சு மாநிலத்தில் மஞ்சள் ஆற்றை ஒட்டிய மலைப்பகுதியில் நடந்த 100 கிலோமீட்டர் ஓட்டத்தின்போது ஆலங்கட்டியும் உறைமழையும் பலத்த காற்றும் திடீரெனச் சூழ்ந்துகொள்ள, 21 பேர் இறந்தார்கள். இறந்தவர்களுள் அந்நாட்டின் மிகச் சிறந்த நெடுந்தூர ஓட்டக்காரர்களுள் ஒருவரான லியாங் ஜிங்கும் இருந்தார். பலர் அரைக்கால் சட்டையும் மெல்லிய மேற்சட்டையும் மட்டுமே அணிந்திருந்தார்கள். அது மே மாதம் என்பதையும், கொன்றது பனிமூட்டமோ உறைபனியோ அல்ல, ஈரமும் காற்றும் சேர்ந்த குளிர் என்பதையும் நம்மவர்கள் குறிப்பாக நினைவில் கொள்ள வேண்டும்.

கடிகாரம் பார்த்து உண்ணுதல்

ஒரு மணி நேரத்துக்கு மேல் நீளும் ஓட்டத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உட்கொள்வது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு. சர்க்கரையும் இதில் அடங்கும். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் நீள்வதாயின், பழகிய வயிறு உடையவர்கள் 90 கிராம் வரைகூடப் போகலாம். குடல் குளுக்கோஸை மட்டும் மணிக்குச் சுமார் 60 கிராம் வரைதான் உறிஞ்சும். பழச்சர்க்கரையான ஃபிரக்டோஸ் வேறு வழியாக உறிஞ்சப்படுவதால், இரண்டும் கலந்த சர்க்கரையைக் கொண்டுதான் அந்த எல்லையைத் தாண்ட முடியும்.

குளிரில் பசியும் தாகமும் சரியான செய்தி சொல்வதில்லை. குளிர் பட்டதும் தோலுக்கு அருகிலுள்ள இரத்தக்குழாய்கள் சுருங்கி, இரத்தம் உடலின் நடுப்பகுதிக்குத் தள்ளப்படுகிறது. அங்கே இரத்தம் கூடுவதைக் கண்ட உடல், நீர் போதுமான அளவில் இருப்பதாக எண்ணித் தாகத்தைக் குறைக்கிறது. சிறுநீரகமும் அதிகமாக நீரை வெளியேற்றுகிறது. மலையூரில் காலையில் அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டியிருப்பதன் காரணம் இதுதான். எனவே கைக்கடிகாரத்தில் 20 நிமிடங்களுக்கு ஒருமுறை ஒலி எழும்படி வைத்து, பசி இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிராமல் ஒவ்வொரு முறையும் 15 முதல் 20 கிராம் சர்க்கரையை உட்கொள்ள வேண்டும். முதல் வாயை முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே எடுத்துக்கொள்வது நல்லது. விரல்களும் வயிறும் ஒத்துழைக்கும்போதே தொடங்கிவிட்டால் பிறகு தொடர்வது எளிது.

தண்ணீருக்கு இப்படிக் கடிகாரம் வைக்கக் கூடாது. கடலோரப் புழுக்கத்தில் பழகிய உடல் மணிக்கு 1 லிட்டருக்கு மேல் வியர்ப்பது சாதாரணம்; அதே வேகத்தில் குளிரூரில் ஓடினால் வியர்வை அதில் பாதிக்கும் கீழே போகலாம். ஊர்ப்பழக்கத்தில் ஒவ்வொரு தண்ணீர்ப் பந்தலிலும் நின்று குடித்தால், இரத்தத்தில் சோடியத்தின் செறிவு ஆபத்தான அளவுக்குக் குறையக்கூடும். 2002 பாஸ்டன் மாரத்தானை ஓடிய 488 பேரின் இரத்தத்தைச் சோதித்த ஓர் ஆய்வில், 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் இயல்பைவிடக் குறைந்திருந்தது; ஓட்டத்தின்போது எடை கூடியவர்களிடம், அதாவது வெளியேறியதைவிட அதிகமாகக் குடித்தவர்களிடம், அது முக்கியமாகக் காணப்பட்டது. தம்முடைய அளவை அறிய எளிய வழி ஒன்று இருக்கிறது: ஒரு மணி நேர ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் ஈர உடையின்றி எடை பார்த்து, இடையில் குடித்ததையும் கணக்கில் சேர்த்தால், குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ 1 லிட்டர் வியர்வை. இதை ஊரில் ஒருமுறையும், வாய்ப்பிருந்தால் மலையில் சின்ன ஓட்டம் ஒன்றின்போது ஒருமுறையும் செய்து பார்த்தவருக்கு, எவ்வளவு குடிப்பது என்பதில் பிறரிடம் கேட்க எதுவும் இருக்காது. அதுவரை, சர்க்கரையை உட்கொள்ளும்போது இரண்டு மிடறு, தாகம் எடுத்தால் இன்னும் கொஞ்சம் என்று வைத்துக்கொள்ளலாம்.

எதை எடுத்துச் செல்வது

செறிந்த சர்க்கரைக் கூழை அடைத்துக் கடைகளில் விற்கும் ஜெல் பொட்டலங்கள் நல்லவைதான். விலை கட்டுப்படியாகுமானால் அவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் பனைமரங்கள் நிறைந்த இந்த மாவட்டத்தில் அதற்கு ஈடான ஒன்று எல்லா ஊர்ச் சந்தைகளிலும் கிடைக்கிறது. கருப்பட்டியில் பெரும்பகுதி சுக்ரோஸ்; அது குடலில் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் சரிபாதியாகப் பிரிவதால், மேலே சொன்ன இரண்டு வழிகளுக்கும் பயன்படுகிறது. 100 கிராம் கருப்பட்டியை உடைத்து, 70 மில்லிலிட்டர் தண்ணீரில் மிதமான சூட்டில் கரைத்து, மண்ணும் தூசும் போக மெல்லிய துணியில் வடிகட்டி, இரண்டு சிட்டிகை உப்பும் சில துளி எலுமிச்சைச் சாறும் சேர்த்து ஆறவைத்தால், 30 மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 20 கிராம் சர்க்கரை உள்ள பாகு கிடைக்கும். பிதுக்கினால் வழியும் சிறிய மென்பிளாஸ்டிக் குப்பி ஒன்றில் இதை நிரப்பி, 20 நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரு பெரிய வாய் எடுத்துக்கொண்டு, உடனே தண்ணீர் இரண்டு மிடறு குடிக்க வேண்டும். தண்ணீர் இல்லாமல் விழுங்கினால் இத்தகைய செறிந்த பாகு வயிற்றில் தங்கிக் குமட்டலை உண்டாக்கும். இப்போதெல்லாம் கருப்பட்டியில் சீனி கலக்கிறார்கள் என்ற குறை பரவலாக இருக்கிறது. சமையலுக்கும் பண்டுவத்துக்கும் அது குறையாக இருக்கலாம், ஓட்டத்துக்கு அதனால் ஒரு நட்டமும் இல்லை, இரண்டும் ஒரே சுக்ரோஸ்தான்.

குளிரில் இந்தப் பாகு கெட்டியாகும். குப்பியை இடுப்புப் பையின் வெளிப்பக்கத்தில் வைக்காமல், மேற்சட்டைக்குள் உடலை ஒட்டி வைத்தால் வழியும் பதத்திலேயே இருக்கும். கருப்பட்டியைத் துண்டாகவே எடுத்துச் செல்ல விரும்புகிறவர்கள், ஊரின் ஈரக்காற்றில் பிசுபிசுக்கும் அதே துண்டு மலையின் உலர்ந்த குளிரில் கல்லாக இறுகி, வறண்ட வாயில் கரைய மறுக்கும் என்பதை எதிர்பார்க்க வேண்டும். பனங்கற்கண்டு இன்னும் மெதுவாகக் கரையும். நடக்கும்போது வாயில் அடக்கிக்கொள்ள அது ஏற்றது, மூச்சு வாங்க ஓடும்போது தொண்டையில் சிக்கும்.

பேரீச்சம்பழம் நல்ல தேர்வு. கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம் போன்ற ஊர்களில் ஆண்டு முழுவதும் நல்ல பழம் கிடைக்கும். நடுத்தர அளவுள்ள பழம் ஒன்றில் 5 அல்லது 6 கிராம் சர்க்கரை இருப்பதால், 20 நிமிடங்களுக்கு மூன்று பழம் போதும். கொட்டையை நீக்கி, பாதியாக நறுக்கி, முந்தைய இரவே பையில் போட்டுவிட வேண்டும். வாழைப்பழம் நடுத்தர அளவில் ஒன்று சுமார் 25 கிராம் தரும். ஆனால் இரண்டுக்கு மேல் சுமந்தால் நசுங்கும். கடலை மிட்டாயை விரும்பாதவர் யாரும் இல்லை, இருந்தாலும் அதில் வேர்க்கடலையின் கொழுப்பு மிகுதியாதலால் செரிக்க நேரமாகிறது. மேலும் மென்ற துகள்கள் குளிர்ந்த வறண்ட மூச்சோடு சேர்ந்து இருமலைக் கிளப்பும். மலைப்பாதையில் நாள் முழுவதும் நடந்தும் ஓடியும் கடப்பவர்களுக்கு அது சரி, மாரத்தானுக்கு வேண்டாம்.

இளநீரின் மேல் நமக்குள்ள பற்று குளிரூரில் உதவாது. அதில் பொட்டாசியம் நிறைய உண்டு, ஆனால் வியர்வையில் முதன்மையாகப் போகும் சோடியம் குறைவு; சர்க்கரையும் 100 மில்லிலிட்டருக்குச் சில கிராம்தான் என்பதால், தேவையான சர்க்கரையைப் பெற லிட்டர் கணக்கில் குடிக்க வேண்டிவரும். ஊர் ஓட்டத்துக்கான கலவையாக, 1 லிட்டர் தண்ணீரில் 60 கிராம் சீனியோ கருப்பட்டியோ, கால் தேக்கரண்டி உப்பு, ஒரு எலுமிச்சை என்பது நன்றாகவே வேலை செய்யும். குளிரூருக்கு அதே கலவையைக் கொண்டு போவதானால், 300 மில்லிலிட்டர் குடித்தால் 18 கிராம் சர்க்கரைதான் கிடைத்தது என்ற கணக்கை மறக்கக் கூடாது.

குளிர் நாளில் நான் எல்லாவற்றுக்கும் மேலாக மதிப்பது உப்பிட்ட அரிசிக்கஞ்சி. நன்றாகக் குழைய வேகவைத்து, தண்ணீர் விட்டு நீர்க்கக் கரைத்து, வெப்பக்குடுவையில் ஊற்றி, துணைக்கு வந்தவரிடம் பாதி வழியில் நிற்கச் சொன்னால், மாவுச்சத்தும் உப்பும் வெதுவெதுப்பும் ஒரே குவளையில் கிடைக்கின்றன. பந்தய விதிகள் வெளியார் உதவியை அனுமதிக்கின்றனவா என்று முன்னதாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். அனுமதி இல்லையென்றால் ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் குடிக்கலாம்.

மரத்த விரல்கள்

உணவு பையில் இருந்தும் உண்ண முடியாமல் போவது குளிரூரில் அடிக்கடி நடப்பது. விரல்கள் மரத்துவிட்டால் ஜெல் பொட்டலத்தின் நுனியைக் கிழிக்க முடியாது, பையின் இழுவைப் பல்லை (ஜிப்) பிடிக்க முடியாது, முடிச்சை அவிழ்க்க முடியாது. இதைப் பழகிப் பார்க்க நம் கடற்கரையில் வசதி இருக்கிறது. மீன் இறங்குதளத்தில் உடைத்த பனிக்கட்டி கிடைக்கும். ஒரு வாளித் தண்ணீரில் அதைப் போட்டு, இரண்டு கைகளையும் ஒரு நிமிடம் முக்கி எடுத்து, உடனே இடுப்புப் பையைத் திறந்து, குப்பியை எடுத்து, வாயில் வைத்துப் பாருங்கள். எது முடியவில்லையோ அதை மாற்றிவிட வேண்டும்: பொட்டலத்தின் நுனியை முன்னதாகச் சிறிது வெட்டி ஒட்டி வைப்பது, இழுவைப் பல்லில் நீளமான கயிறு கட்டுவது, திருகு மூடிக்குப் பதில் பல்லால் இழுத்துத் திறக்கும் மூடி என்று தீர்வுகள் எளியவை. சர்க்கரை நோயோ இரத்த ஓட்டக் குறைபாடோ உள்ளவர்கள் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம்.

உடை

நிற்கும்போது சற்றுக் குளிர வேண்டும். அதுதான் சரியான அளவு. இருக்கும் வெப்பநிலையைவிட 10 டிகிரி கூடுதலாக இருப்பதாக எண்ணிக்கொண்டு உடுத்த வேண்டும் என்று ஓட்டக்காரர்கள் சொல்வது பெரும்பாலும் பொருந்துகிறது, ஆனால் கடலோரத்தவர் கைகளையும் காதுகளையும் கூடுதலாகக் காத்துக்கொள்வது நல்லது. 5 டிகிரி அளவில் ஈரத்தை வெளியேற்றும் செயற்கை இழையாலான முழுக்கைச் சட்டை, மெல்லிய கையுறை, காதை மூடும் மெல்லிய குல்லா ஆகியவை போதுமானவை. காற்று இருந்தால் அதன் மேல் காற்றை மட்டும் தடுக்கும் மெல்லிய மேற்சட்டை ஒன்று வேண்டும். 5 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால் தோலுக்கு அது 0 டிகிரியாகப் படுகிறது. சுற்றுலாப் பயணிகள் பேருந்து நிலையத்தில் வாங்கும் கம்பளிக் குரங்குக் குல்லாயை அணிந்துகொண்டு ஓடினால் இரண்டு கிலோமீட்டரில் அதைக் கழற்றி எறியத் தோன்றும். உடல் வெப்பத்தில் பெரும்பகுதி தலை வழியாகப் போகிறது என்பது பழைய தவறான நம்பிக்கை; தலையின் பரப்புக்கு ஏற்ற அளவே அதன் வழியாகப் போகிறது.

பருத்திப் பனியனை ஊரிலேயே விட்டுவிட வேண்டும். நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்துவதால், வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பருத்தி, குளிரில் உடலை நனைத்துப் போர்த்தியதற்குச் சமம். உராய்வைத் தடுக்கத் தேங்காய் எண்ணெய் தடவும் வழக்கம் உள்ளவர்கள், அது 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் என்பதால், மலையூருக்கு வாசலினை எடுத்துச் செல்லலாம். கன்னம், மூக்கு நுனி ஆகியவற்றிலும் மெல்லியதாகத் தடவிக்கொண்டால் தோல் வெடிக்காது. முதல் சில கிலோமீட்டருக்கு மெல்லிய துணி ஒன்றை மூக்கையும் வாயையும் சுற்றிக் கட்டிக்கொண்டால் குளிர்ந்த உலர்காற்று நேரடியாக மூச்சுக்குழாயைத் தாக்காது. ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவர் சொன்ன உறிஞ்சு மருந்தைக் கையெட்டும் இடத்தில் வைத்திருக்க வேண்டும்.

இங்கேயே பழகுதல்

குளிரை இங்கே உண்டாக்க முடியாது. காற்றையும் ஈரத்தையும் தேடிப் போகலாம். இராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடி வழியாக அரிச்சல்முனை வரை செல்லும் சாலை, 2017-இல் கடைசிப் பகுதியும் போடப்பட்டு முழுமையான பின், நெடுந்தூரப் பயிற்சிக்குத் தென்தமிழகத்தில் எளிதில் கிடைக்காத ஓர் இடமாக ஆகியிருக்கிறது: இருபுறமும் கடல், மேடில்லை, நிழலில்லை, வாடைக்காற்றுக்கு மறைவே இல்லை. கார்த்திகை, மார்கழியில் காற்று வடகிழக்கிலிருந்து வருவதாலும், சாலை தென்கிழக்காகச் செல்வதாலும், போகும்போதும் திரும்பும்போதும் அது பெரும்பாலும் பக்கவாட்டில் அடிக்கும். உடல் உலர்ந்திருக்கும்போது எதிர்காற்றையும் நனைந்த பின் பின்காற்றையும் பெறுவது குளிர்ப் பயிற்சியின் அடிப்படை ஒழுங்கு; இந்தச் சாலை அதைத் தானாக அமைத்துத் தராது. விடியற்காலையில் தண்ணீருக்கோ தின்பண்டத்துக்கோ கடை திறந்திருக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. எல்லாவற்றையும் சுமந்துகொண்டு போவதே பந்தய நாளுக்கான பழக்கமும் ஆகும். அந்தப் பகுதிக்குள் செல்ல நேரக் கட்டுப்பாடு உண்டு என்பதால் சோதனைச் சாவடியில் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

பாம்பன் சாலைப் பாலத்தின் மேல் காற்று இன்னும் கடுமையாக இருக்கும், ஆனால் வாகனங்களும், வேடிக்கை பார்க்க நிற்போரும் மிகுதி. விடிந்த பின் அங்கே ஓடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 1914-இல் திறக்கப்பட்டு 2022 வரை பயன்பட்ட பழைய ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயில்களையே நிறுத்திவந்தார்கள் என்பதிலிருந்து அந்த இடத்தின் காற்றை ஊகிக்கலாம். பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கும் நாளில் பாலத்துக்கும் தனுஷ்கோடிக்கும் போகவே கூடாது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனதை இந்தக் கடற்கரையில் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த நீண்ட ஓட்டங்களில் பந்தய நாளுக்கான அதே பாகு, அதே கால இடைவெளி, அதே கையுறை, அதே பை ஆகியவற்றைப் பயன்படுத்த வேண்டும். குறிப்பாக, தண்ணீர் குறைவாகக் குடித்துக்கொண்டு சர்க்கரையை மட்டும் நேரப்படி உட்கொள்ள வயிற்றுக்குப் பல வாரப் பழக்கம் தேவை. அதைச் செறிந்த பாகோடு முதன்முதலாகப் பந்தய நாளில் செய்தால் வயிறு கலங்கும். கையுறையோடும் முழுக்கைச் சட்டையோடும் இங்கே நீண்ட நேரம் ஓடினால் வெப்பத் தாக்கு ஏற்படும் என்பதால், அவற்றைச் சின்ன ஓட்டங்களில் மட்டும் பழகிக்கொள்ளலாம்.

ரமலான் மாதம் இப்போது மாசியிலிருந்து படிப்படியாகத் தை, மார்கழி பக்கம் நகர்ந்துகொண்டிருக்கிறது. நோன்பிருக்கும் ஓட்டக்காரர்கள் நீண்ட ஓட்டத்தை இரவில், நோன்பு திறந்து, நோன்புக் கஞ்சி செரித்த பிறகு வைத்துக்கொண்டால், இடையில் உண்டு பழகவும் முடியும். பகலில் மெல்லோட்டம் மட்டும் போதும்.

முந்தைய நாட்களும் அதிகாலையும்

மாரத்தானுக்கு முன் ஒன்றரை முதல் இரண்டு நாட்களுக்கு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 10 முதல் 12 கிராம் மாவுச்சத்து உண்டால் கிளைகோஜன் நிறையும். 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 600 கிராமுக்கு மேல். 100 கிராம் சோற்றில் சுமார் 28 கிராம்தான் இருப்பதால், சோற்றை மட்டும் கொண்டு இதை எட்ட நினைத்தால் வயிறு தாங்காது. இட்லி, உருளைக்கிழங்கு, வாழைப்பழம், பானகம், பாயசம் என்று பரப்பிக்கொள்ள வேண்டும். நார்ச்சத்தைக் குறைக்க வேண்டும்: தை மாதம் தெருவெங்கும் விற்கும் பனங்கிழங்கு அருமையான உணவுதான், ஆனால் பந்தயத்துக்கு முந்தைய நாளுக்கு ஏற்றதன்று. முண்டு மிளகாய் அரைத்த மீன் குழம்பையும் திரும்பி வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

பந்தயம் 6 மணிக்கு என்றால் 3 மணிக்கு எழுந்து உண்ண வேண்டும். நான்கைந்து இட்லியைச் சட்னி, சாம்பார் இல்லாமல் சீனியோடு உண்பது, அல்லது கருப்பட்டி கலந்த சூடான கஞ்சி குடிப்பது நல்லது. மலையூர் விடுதிகளில் அந்த நேரத்தில் எதுவும் கிடைக்காது என்பதால் மின் கெண்டியும் வெப்பக்குடுவையும் உடன் செல்ல வேண்டும். காப்பி குடித்துப் பழகியவர்கள் குடிக்கலாம். தொடக்கக் கோட்டுக்கு அருகே அரை மணியோ ஒரு மணியோ நிற்க நேரும். அப்போது நடுங்கினால் சேமித்த மாவுச்சத்து ஓடாமலே செலவாகிறது. கழற்றிப் போட்டுவிடத்தக்க பழைய சட்டையோ, தலைக்கும் கைகளுக்கும் துளையிட்ட பெரிய பிளாஸ்டிக் பையோ அதற்குப் போதும்.

லே நகருக்குப் போகிறவர்கள் வேறொரு கணக்கும் போட வேண்டும். ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில், செப்டம்பரில் நடக்கும் லடாக் மாரத்தானுக்குக் கடல்மட்டத்திலிருந்து விமானத்தில் போய் இறங்கி இரண்டு நாட்களில் ஓடுவது உயிரோடு விளையாடுவது; குறைந்தது ஒரு வாரத்துக்கு முன்பே போய், முதல் நாட்களில் ஓய்வெடுக்க வேண்டும். உயரத்தில் பசி மங்கும், உடலோ வழக்கத்தைவிட மாவுச்சத்தை அதிகம் நாடும். கடிகாரம் பார்த்து உண்பது அங்கே ஓடாத நேரத்துக்கும் பொருந்தும். தலைவலியோ வாந்தியோ மூச்சுத் திணறலோ இருந்தால் ஓட்டத்தை விட்டுவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மேலே சொன்ன கிராம் கணக்குகள் அப்படியே பொருந்தா. இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்கள் தம் மருத்துவரோடு பேசித் தமக்கான அளவை வகுத்துக்கொண்டே தொடங்க வேண்டும்.

ஆபத்தின் அறிகுறிகளும் ஓட்டம் முடிந்த பின்னும்

உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போவதைத்தான் தாழ்வெப்பநிலை என்கிறோம். அடக்க முடியாத நடுக்கம், குழறும் பேச்சு, தடுமாறும் கைகால், கேட்ட கேள்விக்குப் பொருந்தாத விடை ஆகியவை அதன் அறிகுறிகள். நடுக்கம் நின்றுபோவது நலமடைந்ததன் அடையாளம் அன்று, நிலை மோசமாவதன் அடையாளம். பாதிக்கப்பட்டவருக்குத் தம் நிலை தெரியாது என்பதால், உடன் ஓடுகிறவர் அதைக் கவனித்து, காற்றுப் படாத இடத்துக்கு அழைத்துச் சென்று, ஈர உடையைக் கழற்றி, உலர்ந்ததைப் போர்த்தி, தெளிவாக விழுங்க முடிகிற நிலையில் இருந்தால் சூடான இனிப்புப் பானம் கொடுத்து, மருத்துவ உதவியை அழைக்க வேண்டும். குளிருக்குப் பிராந்தி நல்லது என்ற பேச்சைக் கேட்கவே வேண்டாம். மது தோலின் இரத்தக்குழாய்களை விரித்து, உள்ளே மிஞ்சியிருக்கும் வெப்பத்தையும் வெளியேற்றிவிடும்.

2018 பாஸ்டன் மாரத்தான் 5 டிகிரிக்கும் குறைவான குளிரில், எதிர்காற்றோடும் கொட்டும் மழையோடும் நடந்தது. முன்னணி ஓட்டக்காரர்கள் பலர் பாதியில் விலகிய அந்நாளில் ஜப்பானின் யூகி கவாவுச்சி 2 மணி 15 நிமிடம் 58 நொடியில் வென்றார். உலகத் தரத்தில் அது மெதுவான நேரம்தான். குளிரும் ஈரமும் காற்றும் சேரும் நாளில் நாமும் நேர இலக்கைத் தள்ளிவைத்துவிட வேண்டும்.

முடிவுக் கோட்டைத் தாண்டிய சில நிமிடங்களில் உடல் வேகமாகக் குளிர்ந்துவிடும் என்பதால், பதக்கத்தோடு படம் எடுத்துக்கொள்வதற்கு முன் உள்ளாடை உட்பட அனைத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். உலர்ந்த உடை, துண்டு, சூடான கஞ்சி ஆகியவை உள்ள பை, பொருள் காப்பிடத்தின் வரிசையில் அல்லாமல், உடன் வந்தவரின் கையில் இருப்பது நல்லது. அடுத்த நான்கு மணி நேரத்தில் ஒவ்வொரு மணிக்கும் உடல் எடையின் கிலோவுக்கு 1 கிராம் அளவில் மாவுச்சத்தும், அதோடு 20 முதல் 25 கிராம் புரதமும் வேண்டும். 100 கிராம் மீனோ, நான்கு முட்டையோ அதற்குப் போதும். கொடைக்கானலிலிருந்து இறங்கும் பேருந்தில் வளைவுகள் வயிற்றைப் புரட்டும் என்பதால், புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே உண்டுவிட்டு, மிச்சத்தை வத்தலக்குண்டில் இறங்கி உண்ணலாம்.